பழைய ஜி.டி.யைத் தேற்றுவதா, புதிது வாங்குவதா?

2014-ஆம் வருஷத்து ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. ஒன்று ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சிக்னலில் கிளம்பும்போது உதறுகிறது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது. பானட்டில் பெயிண்ட் வெளுத்துவிட்டது. எஸ்டிமேட் போட்டால் இரண்டரை லட்ச ரூபாய். வண்டியை விற்றாலே மூன்றரை லட்சம்தான் தேறும். இந்த இடத்தில் வீட்டில் இருப்பவர்கள், ஆபீஸ் நண்பர்கள், ஷோரூம் ஆட்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொல்வார்கள்: “வண்டி விலையே அவ்வளவுதான், அதுல போயி இவ்வளவு கொட்டுவாங்களா?”

கேட்பதற்கு நியாயமாக இருந்தாலும் கணக்காக அது தப்பு. சந்தை விலை என்பது வண்டியை வாங்க இன்னொருவர் என்ன தருவார் என்பது. ரிப்பேர் செலவு என்பது அதை நீங்கள் ஓட்ட என்ன ஆகும் என்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பத்து வருஷம் தாண்டிய எந்த வண்டியையும் விற்கத்தான் வேண்டியிருக்கும். இன்றிலிருந்து ஓட்டப்போகும் ஒவ்வொரு வருஷத்துக்கும் பழைய வண்டி எவ்வளவு தின்னும், அதற்குப் பதிலாக வரும் வண்டி எவ்வளவு தின்னும் என்றுதான் பார்க்க வேண்டும். ஆகவே எஸ்டிமேட்டைக் கையில் வாங்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். இன்னும் எத்தனை வருஷம் இதை ஓட்டப் போகிறீர்கள்? இரண்டு வருஷம் என்றால் ஓடுகிற நிலையிலேயே விற்றுவிடுங்கள். ஐந்து வருஷமாவது என்றால் மேலே படியுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்: வீட்டில் இது ஒன்றுதான் காரா? குழந்தையை ஸ்கூலில் விடவும், அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் இந்த ஒரு வண்டியைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால், பாகம் வரும்வரை மூன்று வாரம் ஷெட்டில் நிற்கும் வண்டி உங்களுக்கு ஆகாது. ஆசை எவ்வளவு இருந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எந்த வண்டி என்பதே பாதி முடிவு

நம் நாட்டில் ஹாட் ஹேட்ச், அதாவது வேகத்துக்காகவே செய்த சின்ன கார், என்று சொல்லத்தக்கவை கொஞ்சம்தான். 2013-இல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. அதில் முதல் பெயர்: 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 குதிரைத்திறன், ஏழு கியர் டி.எஸ்.ஜி. அதே வருஷம் கையால் கியர் போடும் ஜி.டி. டி.டி.ஐ. டீசலும் வந்தது. 2015-இல் ஃபியட் 145 குதிரைத்திறனோடு புன்டோ அபார்த்தைக் கொண்டுவந்தது. 2017-இல் மாருதியின் பலேனோ ஆர்.எஸ். வந்தது, 2020-க்கு மேல் அது இல்லை. 2016-இல் இறக்குமதியான மூன்று கதவு போலோ ஜி.டி.ஐ. 192 குதிரைத்திறன் கொண்டது. விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வந்ததால் அதைச் சேகரிப்பாளர்களுக்கு விட்டுவிடுவோம்.

பாகம் கிடைப்பதில் இவை ஒரே மாதிரி அல்ல. போலோ 2022-இல் இங்கே நின்றுபோனது. ஆனால் கம்பெனி இங்கேதான் இருக்கிறது. வென்டோவும் ஸ்கோடா ரேபிடும் அதே அடித்தளத்தில் ஓடியதால் லோயர் ஆர்ம், பிரேக் பேட், வீல் பேரிங் மாதிரி சாமான்கள் வெளிக்கடையிலேயே கிடைக்கும். பலேனோ ஆர்.எஸ்.ஸின் பாடி சாமான்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். டர்போ என்ஜின் சாமானுக்குத்தான் காத்திருக்க வேண்டும். அபார்த்தின் டி-ஜெட் என்ஜின் லீனியாவிலும் வந்தது என்பது ஒரு ஆறுதல். ஆனால் ஃபியட் கார் விற்பனை இங்கே முடிந்து வருஷங்கள் ஆகின்றன; விளக்கு, உட்புற டிரிம் உடைந்தால் தேடி அலைய வேண்டும். மறைமலை நகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டும் 2021-இல் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அதன் 1.5 டீசல் ஃபிகோவை வைத்திருப்பவர்கள் இந்த அத்தியாயத்தை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

முடிவுக்கு வருமுன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஹெட்லைட், முன் கண்ணாடி, டர்போ, கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டு யூனிட், ரேடியேட்டர் ஆகிய ஐந்துக்கும் விலை என்ன, எத்தனை நாளில் வரும் என்று கம்பெனி சர்வீஸிலும் வெளிக் கடையிலும் கேளுங்கள். சென்னை என்றால் ஜி.பி. ரோடு, பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை. ஐந்தில் இரண்டுக்கு “கிடைக்காது” என்று பதில் வந்தால், மற்ற எந்தக் கணக்கும் போட வேண்டாம். வண்டி நன்றாக இருக்கும்போதே விற்றுவிடுங்கள்.

இனி போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யையே உதாரணமாக வைத்துப் பேசுகிறேன். நம் சாலைகளில் மிச்சம் இருப்பவற்றில் அதிகமாக இந்தக் கேள்வியை எழுப்புவது அதுதான்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

எஸ்டிமேட்டில் முதலில் என்ஜின் வரும், கடைசியில் பாடி வரும். நீங்கள் தலைகீழாகப் பாருங்கள். என்ஜினைத் திறந்து மூடலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். கூடு வளைந்திருந்தாலோ துரு அரித்திருந்தாலோ நிமிர்த்தி ஓட்டலாமே தவிர, பழைய உறுதி திரும்பாது. ஹாட் ஹேட்சின் சுகமே வளைவில் வண்டி ஒரே துண்டாகத் திரும்புவதில்தான் இருக்கிறது. அந்த உறுதி போன வண்டியில் எவ்வளவு நல்ல ஷாக் அப்சார்பர் போட்டாலும் பயனில்லை.

கோயம்புத்தூரில் ஒரு ஷெட்டில் பார்த்தது இது. வெள்ளை போலோ, புதிதாகப் பெயிண்ட் அடித்து மினுமினுக்கிறது. வாங்க வந்தவர் பானட்டைத் தடவிக்கொண்டிருக்கிறார். மெக்கானிக் சொன்னார்: “பெயிண்ட்ட பாக்காதீங்க சார், அடியில வந்து பாருங்க.” லிஃப்டில் ஏற்றிய வண்டிக்கு அடியில் டார்ச்சோடு நுழைந்து, கதவுக்குக் கீழே ஓடும் நீளத் தகட்டை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். ‘டங் டங்’ என்று வந்த சத்தம் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் ‘தொப்’ என்று மாறியது. துணி சுற்றிய காந்தத்தை அங்கே வைத்தார்; ஒட்டவில்லை. “பட்டி போட்டிருக்குதுங்க. உள்ளே தகடே இருக்காது.” பெயிண்டுக்கு மேலே எந்த அடையாளமும் இல்லை.

இதை நீங்களே செய்யலாம். லிஃப்ட் வாடகை சொற்பம். ஜாக்கி வைக்கும் இடங்கள், பின் அச்சு பொருந்தும் இடம், ஸ்டெப்னி குழி, முன் சஸ்பென்ஷனின் மேல்பகுதி என்ஜின் அறைக்குள் வந்து நிற்கும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். அங்கே தொழிற்சாலையில் போட்ட ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் இருக்க வேண்டும். கோணல்மாணலாகக் கையால் போட்ட வெல்டிங் இருந்தால் அந்த வண்டி பலமாக அடி வாங்கியிருக்கிறது. ஈ.சி.ஆர்., தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் வெளியில் நின்ற வண்டி என்றால் இந்தச் சோதனையை இரட்டிப்புக் கவனத்தோடு செய்யுங்கள்.

சென்னையிலும் சுற்றிலும் ஓடிய வண்டிக்கு இன்னொரு பயம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எண்ணற்ற கார்கள் தண்ணீரில் நின்றன. அவற்றில் பல கழுவித் துடைத்து வேறு ஊரில் விலைபோயின. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட்டுக்கு அடியிலிருக்கும் மஞ்சள் நிற ஏர்பேக் கனெக்டரில் பச்சைப் பூஞ்சை மாதிரி களிம்பு இருக்கும். கார்ப்பெட்டின் அடிப்பஞ்சை அமுக்கினால் மக்கல் வாசனை வரும். மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த வண்டிக்குச் செலவழிக்காதீர்கள். ஒயரிங் கோளாறு ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டே இருக்கும்.

கியர்பாக்ஸ்: முடிவு இங்கேதான் விழும்

இந்த டி.எஸ்.ஜி.யில் ஏழு கியருக்கு இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று; இரட்டைப்படைக்கும் ரிவர்ஸுக்கும் இன்னொன்று. ஒன்று வேலை செய்யும்போதே அடுத்த கியர் மற்றதில் தயாராக நிற்பதால்தான் கியர் மாறுவது தெரியாமல் வண்டி பாய்கிறது. எல்லாவற்றையும் இயக்குவது மெக்கட்ரானிக் யூனிட்: எண்ணெய் அழுத்தம் தரும் பம்ப், வால்வுகள், கம்ப்யூட்டர் மூன்றும் ஒரே பெட்டியில்.

இந்த வகை கியர்பாக்ஸின் கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருக்காது, உலர்ந்த கிளட்ச். நெடுஞ்சாலையில் இதனால் எரிபொருள் மிச்சம். ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டில் மாலை ஆறு மணிக்கு அடி அடியாக நகரும்போது கிளட்ச் தேய்ந்து சூடாகிக்கொண்டே இருக்கும், அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள எண்ணெய் இல்லை. நெரிசல் மிகுந்த ஆசிய நகரங்களில் இந்தக் கியர்பாக்ஸுக்குக் கெட்ட பெயர் வந்தது இப்படித்தான். 2013-இல் சீனாவில் மட்டும் டி.எஸ்.ஜி. கோளாறுக்காக ஃபோக்ஸ்வாகன் 3.8 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. அதனால் ஒரு லட்சம் கிலோமீட்டர் என்ற எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். திருச்சி–மதுரை என்று ஓடிய ஒரு லட்சமும், வேளச்சேரி–அண்ணா சாலை என்று ஓடிய ஒரு லட்சமும் இந்த கியர்பாக்ஸுக்கு ஒன்றல்ல.

சோதனை ஓட்டத்தை ஆற அமரச் செய்யுங்கள். ஆறிய வண்டி எப்போதும் நல்ல பிள்ளை. அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிச் சூடாக்கிய பிறகு, சமதளத்தில் டி-யில் போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். ஆக்ஸிலரேட்டர் தொடாமலே வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். உதறிக்கொண்டு நகர்ந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. அப்புறம் ஒரு பேஸ்மென்ட் பார்க்கிங்கின் சரிவில் மெல்ல ஏற்றுங்கள், பாதியில் நிறுத்திக் கிளப்புங்கள், ரிவர்ஸிலும் ஏற்றுங்கள். முதல் கியரில் மட்டும் உதறல், ரிவர்ஸில் இல்லை என்றால் ஒரு கிளட்ச்சின் பாடு. இரண்டிலும் உதறினால் முழு செட்டும் மாற்ற வேண்டும். ஓட்டத்தின் நடுவே டாஷ்போர்டில் கியர் எழுத்து மின்னினாலோ, ஒற்றைப்படை அல்லது இரட்டைப்படை கியர்கள் ஒட்டுமொத்தமாக விழ மறுத்தாலோ மெக்கட்ரானிக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

பிறகு ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். சும்மா ‘எரர் இல்ல சார்’ என்ற பதில் போதாது. எரர் கோடை அழிக்க ஒரு நிமிஷம் போதும். கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டும் அளவுகளையும், எத்தனை முறை அதிகச் சூடானது என்ற பதிவையும் கேளுங்கள். இந்த வண்டிகளில் பழகிய ஷெட்காரருக்கு இது தெரியும். அவருக்குத் தெரியவில்லை என்றால் உங்கள் கியர்பாக்ஸை அவரிடம் விடாதீர்கள்.

கிளட்ச் செட் மட்டும் என்றால் செலவழிக்கலாம். பல வருஷம் வரும். மெக்கட்ரானிக் போய்விட்டது என்றால் இரண்டு வழி: கம்பெனியில் முழு யூனிட்டையும் மாற்றுவது, அல்லது வெளியில் பழுதான பகுதியை மட்டும் சரிசெய்வது. இரண்டாவது மிகவும் மலிவு. ஆனால் எழுத்தில் வாரண்டி தருகிறவரிடம் மட்டும் செய்யுங்கள். ஏற்கனவே ஒரு முறை மெக்கட்ரானிக் மாற்றி, மறுபடியும் அதே கோளாறு வந்திருக்கிறது என்றால் என் ஆலோசனை: விற்றுவிடுங்கள், வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்லி விற்றுவிடுங்கள்.

ஜி.டி. டி.டி.ஐ., அபார்த், பலேனோ ஆர்.எஸ். வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. மூன்றும் கையால் கியர் போடுபவை. பழைய வண்டியைத் தேற்ற நினைக்கிறவருக்கு மேனுவல் கியர்பாக்ஸ் பெரிய நிம்மதி.

என்ஜினும் மற்றவையும்

1.2 டி.எஸ்.ஐ.யில் இரண்டு தலைமுறை உண்டு. பழையதில் டைமிங் செயின், பிந்தையதில் டைமிங் பெல்ட். உங்கள் வண்டியில் எது என்பதை என்ஜின் நம்பரை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். செயின் என்றால், இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். முதல் சில விநாடிகள் தகரத்தில் கூழாங்கல் உருளும் சத்தம் வந்தால் செயின் நீண்டிருக்கிறது. அதை ஒத்திப்போடக் கூடாது. செயின் பல் தாண்டினால் வால்வுகள் பிஸ்டனில் இடித்துவிடும்.

பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும் என்ஜின் என்பதால், இன்டேக் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவாது. கரி படியும். வால்நட் ஓட்டுத் தூளை அடித்துச் சுத்தம் செய்வார்கள். செய்த மறுநாளே என்ஜின் மூச்சு விடுவது தெரியும். டர்போவின் வேஸ்ட்கேட் கம்பி இறுகிப்போனால் வண்டி திடீரென்று சக்தி இழந்து லிம்ப் மோடுக்குப் போகும். உடனே ‘டர்போ போச்சு’ என்று புது டர்போவுக்கு எஸ்டிமேட் தருகிறவர்கள் உண்டு. கம்பி கையால் தள்ளினால் சுலபமாக அசைகிறதா என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள்.

பெட்ரோல் விஷயமும் இப்போது கணக்கில் சேர்ந்துவிட்டது. பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கு ஏற்ற பாகங்களோடு புது வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில். அதற்கு முந்தைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று மத்திய அரசின் 2021 திட்ட அறிக்கையே சொன்னது. மைலேஜ் குறைவு தாங்கக்கூடியது. ரப்பர் ஹோஸ், சீல், கேஸ்கெட் விஷயத்தில் அசட்டையாக இருக்க முடியாது. பத்து வருஷ வண்டியைத் தேற்றும்போது என்ஜின் அறையிலிருக்கும் பெட்ரோல் ஹோஸ்களைக் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் வாசனை வருகிற வண்டியை ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள்.

சஸ்பென்ஷன் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், என்ஜின் மவுண்ட், நல்ல டயர் எல்லாம் தேயும் சாமான்கள்தான், எல்லாம் கிடைக்கும். ‘வண்டி பழசாகிவிட்டது, முன்ன மாதிரி இல்லை’ என்று சொல்கிறவர்கள் பலருக்கும் உண்மையில் தேய்ந்திருப்பது இவைதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயாவிட்டாலும் ஆறு வருஷம் தாண்டிய டயரை மாற்றுங்கள்.

ஆர்.சி.யும் இன்சூரன்ஸும்

சொந்த உபயோக காரின் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். அதன்பின் எஃப்.சி. சோதனையில் தேறி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. 2014 வண்டிக்கு அந்த நாள் 2029. ஐந்து வருஷம் ஓட்டுவதாகத் திட்டமென்றால் இந்தச் செலவை இப்போதே கணக்கில் எழுதுங்கள்.

இன்சூரன்ஸ்தான் பலரும் கவனிக்காத இடம். நீங்கள் இரண்டரை லட்சம் போட்டு வண்டியைப் புதிதாக்கினாலும் பாலிசியில் வண்டியின் மதிப்பு, அதாவது ஐ.டி.வி., அதற்கேற்ப ஏறாது. மூன்று லட்சம் என்று இருந்தது மூன்று லட்சமாகவே இருக்கும். விபத்தில் ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழுச் சேதம் என்று கணக்கு முடித்துவிடுவார்கள். அதாவது இரண்டேகால் லட்ச ரூபாய் சேதம் ஆனாலே, நீங்கள் போட்ட பணத்தோடு சேர்த்து வண்டியும் போகும். சின்ன அடி என்றாலும், பத்து வருஷம் தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். பிளாஸ்டிக், ரப்பருக்கு எந்த வயதிலும் பாதிதான். பாலிசியைப் புதுப்பிக்கும் முன் பில்களைக் காட்டி ஐ.டி.வி.யைக் கொஞ்சமாவது உயர்த்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு அது பேசி முடிவு செய்யும் விஷயம்தான்.

தேற்றும்போதே கொஞ்சம் ‘சக்தி ஏற்றிவிடலாம்’ என்ற ஆசையும் வரும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றும் மாறுதல்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அனுமதிப்பதில்லை; 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ரீமேப் செய்த என்ஜினோடு விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கக் காரணம் கிடைத்துவிடும். பழைய கிளட்ச்சுக்கும் அது கேடு. கம்பெனி கொடுத்த 105 குதிரைத்திறனைத் திரும்பக் கொண்டுவந்தாலே இந்த வண்டி சிரிக்கவைக்கும்.

புதிதில் என்ன கிடைக்கும், என்ன போகும்

புதிது என்றால் ஹூண்டாய் ஐ20 என் லைன், டாடா அல்ட்ரோஸ் ரேசர் என்று இரண்டு பெயரைச் சொல்வார்கள். முதலாவது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலையில் தயாராவது, 1.0 லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன், மேனுவலோ இரட்டைக் கிளட்ச்சோ எடுக்கலாம். இரண்டாவது 2024 ஜூனில் வந்தது, 1.2 லிட்டர் டர்போ, அதே 120, ஆறு கியர் மேனுவல். ஷோரூமில் இப்போது எந்த வேரியன்ட் கிடைக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் 1,200 சி.சி.க்கு உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததால் இந்த வகை வண்டிகளின் விலையும் இறங்கியது. பழைய வண்டிகளின் விலையையும் அது கீழே இழுக்கிறது. உங்கள் போலோவுக்கு அதற்கு முன்பு சொன்ன விலை இப்போது கிடைக்காது.

தமிழ்நாட்டு வாழ்நாள் வரியை மறக்காதீர்கள். 2023 நவம்பரிலிருந்து ஐந்து முதல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்து முதல் இருபது லட்சம் வரை 18 சதவீதம். 9.9 லட்ச ரூபாய் வண்டிக்கு சுமார் 1.29 லட்சம், 10.1 லட்ச ரூபாய் வண்டிக்கு சுமார் 1.82 லட்சம். சன் ரூஃபுக்காக ஒரு படி மேலான வேரியன்ட்டை எடுக்கும்போது இந்தக் கோட்டைத் தாண்டுகிறீர்களா என்று பாருங்கள். 2025 மே மாதம் வந்த கோல்ஃப் ஜி.டி.ஐ.யின் அறிமுக விலை 53 லட்சம். அந்த விலைக்கு வரி விகிதம் இன்னும் அதிகம் என்பதால், இந்த வரி மட்டுமே பத்தரை லட்சத்தைத் தாண்டுகிறது. அந்தப் பணத்துக்கு நல்ல போலோ ஒன்றே கிடைக்கும்.

பாதுகாப்பில் புது வண்டியின் கை ஓங்கியிருக்கிறது. ஆறு ஏர்பேக், புதிய எலெக்ட்ரானிக்ஸ், கையில் வாரண்டி. ஆனால் ‘புதிது என்றால் பாதுகாப்பு’ என்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். ஏர்பேக் வைத்த போலோ 2014-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஐ20 2022-இல் மூன்று, அல்ட்ரோஸ் 2020-இல் ஐந்து. அன்றைய சோதனை முறைக்கும் இன்றையதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எனினும் பழைய போலோவை ஆபத்தான வண்டி என்று ஒதுக்க முடியாது. ஸ்டியரிங்கின் கனம், கதவு மூடும் சத்தம், 100 கி.மீ. வேகத்தில் தரையோடு ஒட்டி நிற்பது ஆகியவற்றில் என் மனம் இன்னும் போலோ பக்கம்தான். இரண்டையும் ஒரே நாளில், ஒரே சாலையில் ஓட்டிப் பாருங்கள். புதிதை ஓட்டிவிட்டு இறங்கும்போது பழையது நினைவுக்கு வரவில்லை என்றால் உங்களுக்குப் புதிதுதான்.

மூன்றாவது வழி

பழையதா புதிதா என்று இரண்டாகவே யோசிப்பதால் நடுவில் இருப்பது கண்ணில் படுவதில்லை. 2020-இல் பி.எஸ்.6 புகை விதி வந்தபோது போலோவின் 1.2 என்ஜின் போய், 110 குதிரைத்திறன் கொண்ட 1.0 டி.எஸ்.ஐ. வந்தது. கூடவே டி.எஸ்.ஜி.யும் போய், வழக்கமான டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் வந்தது, மேனுவலும் உண்டு. அதாவது இந்த அத்தியாயத்தில் அதிகப் பக்கத்தைத் தின்ற தலைவலி இல்லாத அதே வண்டி. 2020 முதல் 2022 வரையிலான ஒன்று, ஒரே ஓனர், கம்பெனி சர்வீஸ் பதிவோடு கிடைத்தால், நான் முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

இப்போது மூன்றையும் ஐந்து வருஷக் கணக்கில் போடுவோம். எண்கள் கணக்கு முறையைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி: இன்றைய விலை 3.5 லட்சம், தேற்றும் செலவு 2.5 லட்சம், ஐந்து வருஷம் கழித்து விற்றால் 1.5 லட்சம். கரைவது 4.5 லட்சம், வருஷத்துக்கு 90,000. பராமரிப்பு 40,000 சேர்த்தால் 1.3 லட்சம்.

2021 போலோ: விலை 7.5 லட்சம், பின்னால் கிடைப்பது 3.5 லட்சம், வாங்கியதும் செய்யும் வேலை 60,000. வருஷத்துக்கு 92,000. பராமரிப்பு 30,000 சேர்த்தால் 1.22 லட்சம்.

புது வண்டி: ஆன்ரோடு 14 லட்சம், பின்னால் 6.5 லட்சம், வருஷத்துக்கு 1.5 லட்சம். ஒன்பது லட்சம் கடனை 9 சதவீத வட்டியில் வாங்கினால் வட்டி மட்டும் ஐந்து வருஷத்தில் சுமார் 2.2 லட்சம், வருஷத்துக்கு 44,000. பராமரிப்பும் கூடுதல் இன்சூரன்ஸும் 35,000. மொத்தம் சுமார் 2.3 லட்சம்.

முதல் இரண்டும் கிட்டத்தட்ட சமம். 2021 வண்டிக்குப் பழையதை விற்ற பணத்துக்கு மேல் நான்கு லட்சம் கையிலிருந்து போட வேண்டும். கடன் என்றால் அந்த வட்டியும் சேரும். ஆகவே கூடு உறுதியாக இருந்து, கிளட்ச் செட்டோடு கியர்பாக்ஸ் வேலை முடியும் என்றால் தேற்றுவதே லாபம். மெக்கட்ரானிக்கும் சேர்ந்துகொண்டால் தராசு 2021 பக்கம் சாயும். பழையதை இரண்டே வருஷம் வைத்திருந்து மூன்று லட்சத்துக்கு விற்றால் கரைவது மூன்று லட்சம், பராமரிப்போடு வருஷத்துக்கு 1.9 லட்சம், புது வண்டிச் செலவை நெருங்கிவிடும்.

தேற்றுவது என்று முடிவானால்

வேலையை ஒரே நாளில் ஒரே ஷெட்டில் ஒப்படைக்காதீர்கள். முதல் கட்டம் கியர்பாக்ஸும் டைமிங் செயினும் பெட்ரோல் ஹோஸும். அதற்கு மட்டும் பணம் கொடுங்கள். கழற்றிய பழைய கிளட்ச்சையும் செயினையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், புது சாமானின் பெட்டியில் இருக்கும் பார்ட் நம்பரை பில்லில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் குறைந்தது ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்கள், அதில் பாதியாவது ஊர் நெரிசலில். உதறல் திரும்பினால் அங்கேயே நின்றுவிடலாம். மிச்சப் பணம் உங்கள் கையில் இருக்கும்.

தேறினால் இரண்டாம் கட்டம் பிரேக், சஸ்பென்ஷன், டயர், ஏ.சி. பெயிண்ட் கடைசியில்தான். முதலிலேயே பெயிண்ட் அடித்துவிட்டால் வண்டி கண்ணுக்கு அழகாகி, விற்க வேண்டிய வண்டியைக்கூட விற்க மனசு வராது. பெயிண்ட் ஷெட்டில் விடும்போது பேனல்களை அப்படியே வைத்து அடிக்காமல், விளக்கு, பீடிங், கதவுக் கைப்பிடிகளைக் கழற்றி அடிக்கச் சொல்லுங்கள். கழற்றிய கிளிப்புகள் உடையும், அதனால் இரண்டு டஜன் கிளிப் முன்கூட்டியே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.